பதினேழாம் நம்பர் உப்பு

எங்கள் பள்ளியில் ‘அறிவியலில் பெண்கள்’ என்று மலர் போடுகிறார்கள். புதிதாக வந்திருக்கிற கெமிஸ்ட்ரி டீச்சர் வீடு தேடி வந்து, லேப்பில் இத்தனை வருஷம் இருந்தீர்களே, ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்றார். நான் படித்தது அஞ்சாங் கிளாஸ். பழைய டீச்சர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கலாமே என்றேன். கேட்டாராம். ஏழு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். ஏழும் ஒரே வெள்ளைக்கார அம்மாவைப் பற்றியாம். அதில் நாலு கட்டுரைக்கு முதல் பத்தி கூட ஒன்றேயாம்.

அந்த வெள்ளைக்கார அம்மாவை எனக்கும் நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் படத்தைத் தூசு தட்டி மாட்டியது நான்தான்.

மேடையில் பேசக் கூப்பிட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். வேலையில் இருந்த காலம் முழுக்க, எதிரில் நிற்கிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் நான் பேசியது. எழுதுவதில் அந்தக் கஷ்டம் இல்லை.

கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. எங்கள் பள்ளி மலைக்குப் போகிற ரோட்டோரம். நான் சேர்ந்தது பெருக்குகிற வேலைக்கு. லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ரிடையர் ஆனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு நாள் காலை பிரேயர் முடிந்ததும் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, “நாளையிலிருந்து லேப்பையும் பாத்துக்கம்மா” என்றார். அதுதான் எனக்கு ஆர்டர். பெரியவர் இரண்டு நாள் வந்து பழக்கினார். தண்ணீரில் ஆசிட்டை ஊற்றலாம், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எந்தப் பாட்டிலையும் மூக்கருகில் கொண்டுபோகக் கூடாது. லேப்பில் நடப்பதை வெளியில் சொல்லக் கூடாது. முதல் இரண்டும் உயிருக்கு, மூன்றாவது வேலைக்கு என்றார். மூன்றாவதை ரிடையர் ஆன பிறகுதான் மீறுகிறேன்.

பாட்டில்களின் மேல் எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் தெருவில் வீடுகளை அடையாளம் வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டேன். இடது கோடியிலிருந்து மூன்றாவது நீலம், ஐந்தாவது கற்கண்டு மாதிரி, ஏழாவது திறந்தால் கண் எரியும். இடத்தை வைத்துத்தான் கணக்கு. யாராவது ஒரு பாட்டிலை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டால் எனக்கு ஊரே மாறிப்போனது போல இருக்கும். ஆனால் அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. யாரும் எடுக்க மாட்டார்கள். லேப் பூட்டியே இருக்கும்.

சாவி பெரிய டீச்சரின் இடுப்பில் இருந்தது. அவர்தான் கெமிஸ்ட்ரியும் எடுத்தார். மெட்ராஸில் படித்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. யார் மீதாவது கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் வராந்தாவில் நிற்கிற கூட்டம் கலையும். பாடம் நடத்துவது மட்டும் கண்கொள்ளாக் காட்சி. சோதனை எல்லாவற்றையும் கரும்பலகையிலேயே செய்து முடித்துவிடுவார். சிவப்பு சாக்பீஸில் விளக்கு எரியும், பச்சை சாக்பீஸில் புகை கிளம்பும். ஒரு உப்பு சூட்டில் மஞ்சளாகி ஆறினதும் வெள்ளையாகும் என்றால், மஞ்சள் சாக்பீஸில் ஒரு குழாய் வரைவார், பக்கத்திலேயே வெள்ளையில் ஒரு குழாய். பிள்ளைகளும் கலர் பென்சிலில் அப்படியே வரைந்துகொள்வார்கள். எந்தக் குழாயும் உடைந்ததில்லை. டஸ்டரால் துடைத்தால் லேப் சுத்தம்.

நிஜ லேப்பை ஏன் திறப்பதில்லை என்று ஒரு டீச்சர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது.

“பொம்பளப் பிள்ளைங்கம்மா. மூஞ்சில ஒரு சொட்டு தெறிச்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்?”

பிரேயரில் அவரே, பெண்கள் நுழையாத துறை இல்லை, வானத்துக்கே போய்விட்டார்கள் என்று பேசுவார். பேசி முடித்ததும் மைக்கை அணைக்க வாட்ச்மேனைக் கூப்பிடுவார். கரண்டு சாமான், பிள்ளைகள் தொடக் கூடாது.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. அறிவியலில் பெண்கள் செய்ததை மாணவிகளுக்கு எடுத்துச் சொல்லி விழா எடுக்க வேண்டும், போட்டோவோடு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வருகிறார். பத்து நாள் பள்ளியே அல்லோலகல்லோலப்பட்டது. டிராயிங் சார் ஒன்பது பெண் விஞ்ஞானிகளை வரைந்தார். அவருக்கு வரைய வந்தது ஒரே முகம். கொண்டையையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றி ஒன்பதாக்கினார். பார்த்த டீச்சர்கள், எல்லாம் அவர் வீட்டம்மா மாதிரியே இருக்கிறது என்று சிரித்தார்கள். விஞ்ஞானி வேஷத்துக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் இரவல் வாங்கினோம். வேஷம் போட்ட பிள்ளையின் கையில் சோதனைக் குழாய் கொடுத்து, உள்ளே குங்குமத் தண்ணீர் ஊற்றி, ஆட்டாமல் பிடிக்கச் சொன்னார்கள். சிவப்பாகவும் சிரித்த முகமாகவும் இருந்த பிள்ளைகள் விஞ்ஞானிகள் ஆனார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படித்த மலைப் பிள்ளைகள் நாற்காலி தூக்கினார்கள். ஆம்பளைப் பையன்கள் இல்லாத பள்ளியில் மலைப் பிள்ளைகள்தான் ஆம்பளைப் பையன்கள்.

அப்படி நாற்காலி தூக்கியவள் அஞ்சலை. பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்த ஒரே மலைப் பிள்ளை. கல்வராயன் மலையில் பஸ் போகாத ஊர் அவளுடையது. நாற்காலிகளை அடுக்கிவிட்டு லேப் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன பாப்பா என்றேன்.

“ஒண்ணுமில்ல ஆயாம்மா. ரெண்டு வருஷமா படிக்கிறேன், இப்பதான் கதவு தெறந்து பாக்கறேன்” என்றாள்.

விழாவுக்காக லேப்பை அழகுபடுத்தச் சொன்னார் பெரிய டீச்சர். பழைய பாட்டில்கள் மங்கிப்போயிருந்தன, ஒட்டியிருந்த சீட்டுகளைப் பூச்சி அரித்திருந்தது. புதுப் பாட்டில் வந்தது. டிராயிங் சார் புதுச் சீட்டு எழுதினார். ரோஸ் கலர் ஓரம், முத்து முத்தான கையெழுத்து. வரிசையாக ஒட்டியும் வைத்தார். அதில் நான் பழைய அலமாரியின் வரிசைப்படியே, முதல் பாட்டிலில் இருந்ததை முதல் பாட்டிலில், இரண்டாவதை இரண்டாவதில் என்று கொட்டி முடித்தேன். பழைய பாட்டில்கள் குப்பைக்குப் போயின.

பிறகுதான் தெரிந்தது, சார் சீட்டுகளைப் பழைய வரிசையில் ஒட்டவில்லை. சின்னப் பேர்கள் இரண்டு ஓரத்திலும், நீளப் பேர்கள் நடுவிலும் வரும்படி ஒட்டியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம் மாதிரி இருக்குமாம். கேட்டதற்கு, “அலமாரிக்கு ஒரு அழகு வேணாமாம்மா?” என்றார்.

அழகாகத்தான் இருந்தது. அதிகாரி வந்தார். வெள்ளைப் பொடியின் பேர் ஒட்டிய பாட்டிலில் நீலம் இருந்தது, நீலத்தின் பேர் ஒட்டிய பாட்டிலில் கற்கண்டு இருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாகப் படித்து, பிரமாதம், பிரமாதம் என்றார். மேடையில் ஆறு நாற்காலி. ஐந்தில் ஆம்பளைகள், கடைசியில் பெரிய டீச்சர். வீட்டு வேலைக்குப் பங்கமில்லாமல் பெண்கள் விஞ்ஞானத்தில் முன்னேற வேண்டும் என்று அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். வெயிலில் நின்ற விஞ்ஞானிகளில் ஒருவர் மயங்கி விழுந்தார். குங்குமத் தண்ணீர் கோட்டில் கொட்டியது. அந்தக் கோட்டைத் துவைத்துக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சரியான பாட்டிலுக்கு மாற்றினேன். நீலம், பச்சை, கற்கண்டு, கண் எரிவது எல்லாம் சரியாக அமைந்துவிட்டன. சீட்டு எழுத்துகளின் உருவம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். கடைசியில் இரண்டு வெள்ளைப் பொடி மிச்சம், இரண்டு பாட்டில் மிச்சம். ஒன்று சுண்ணாம்பு வகை, ஒன்று துத்தநாக வகை. எல்லாவற்றையும் தாளில் கொட்டிக் கொட்டி மாற்றியதில் என் இடக் கணக்கும் போய்விட்டது, எது எதில் என்று தெரியவில்லை. இரண்டும் மாவு மாதிரிதான் இருந்தன.

பெரிய டீச்சரைக் கேட்பதுதான் முறை. அவர் ரூம் வாசலுக்குப் போனேன். ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். மறுபடி போனேன். நிமிர்ந்து பார்த்து, “நேத்து லேப் ஜொலிச்சுதும்மா. எல்லாம் உன்னாலதான்” என்றார். ஆறு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பேன்? திரும்பி வந்து, மனசுக்குத் தோன்றியபடி ஒன்றை ஒன்றில் கொட்டி மூடினேன். எனக்கு இருந்த கூச்சம் அவ்வளவு. அதை இப்போதும் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு பிராக்டிகல் பரீட்சை வரைக்கும் அந்தப் பாட்டில்களை யாரும் திறக்கவில்லை.

பிராக்டிகல் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வெளியூர்ப் பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னல் என்று ஒரு சார் வருவார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு நம்பர். நான் நம்பர் போட்ட பொட்டலங்களில் உப்பைக் கட்டி வைப்பேன். எந்த நம்பர் எந்த உப்பு என்ற விடைச்சீட்டு எக்ஸ்டர்னல் சாரின் பையில் இருக்கும். பிள்ளைகள் தங்களுக்கு வந்த பொட்டலத்தைச் சூடாக்கி, ஆசிட் விட்டு, இன்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இது புத்தகத்தில் உள்ள முறை.

நடைமுறை வேறு. ரிடையர் ஆன பெரியவர் இதையும் எனக்குப் பழக்கிவிட்டுத்தான் போனார். சுண்ணாம்பு உப்பு வந்த பிள்ளை என்னைப் பார்த்தால் நான் சுண்ணாம்படித்த சுவரைத் தொடுவேன். துத்தநாகம் என்றால் தகர வாளி. அலுமினியம் என்றால் என் சோற்று டப்பா. பிள்ளைகள் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள், நான் பள்ளிக்கூடச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடப்பேன். எக்ஸ்டர்னல் சார் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பெரிய டீச்சர் அந்த நேரம் பார்த்து ஜன்னலோரம் போய்விடுவார். வருஷத்தில் அந்த மூன்று மணி நேரம் மட்டும் அவருக்குக் கல்வராயன் மலையின் அழகு கண்ணில் படும். அவரும் ஒன்றும் சொன்னதில்லை, நானும் ஒன்றும் சொன்னதில்லை. வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு பாஸ். அதற்குக் கேடயம் வந்தது. அதைத் துடைத்து வைத்ததும் நான்தான்.

அந்த வருஷம் பதினேழாம் நம்பர் பொட்டலம் அஞ்சலைக்கு வந்தது. சுண்ணாம்பு என்று சீட்டு ஒட்டிய பாட்டிலிலிருந்து நான் கட்டியது.

அவள் விஷயம் ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பாடத்தில் தவறினாலும் ஹாஸ்டலில் இடம் இல்லை. தவறினால் மலைக்குக் கூட்டிப்போய் வைகாசியில் தாய்மாமனுக்குக் கட்டிவிடுவதாக அவள் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிராக்டிகலில் விழுந்தால் மற்றதில் எவ்வளவு எடுத்தும் பிரயோசனமில்லை. அதனால் நான் அவளுக்கு எதிரில் நின்று சுவரை ஒரு தடவைக்கு மூன்று தடவை தொட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பாட்டுக்கு விளக்கில் குழாயைக் காட்டி, உற்றுப் பார்த்து, ஆற வைத்து, மறுபடி சூடாக்கி, எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு பிள்ளைகளில் சோதனை செய்தது அவள் ஒருத்திதான். இந்த வழக்கத்தை மலைப் பிள்ளைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

மதியம் எக்ஸ்டர்னல் சார் தாள்களைத் திருத்தினார். எல்லாம் சரி, எல்லாம் சரி. பதினேழில் பேனா நின்றது. அஞ்சலையைக் கூப்பிட்டார். நான் கழுவின குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

“துத்தநாகம்னு எழுதிருக்க. சுண்ணாம்புமா இது. எதைப் பாத்து எழுதின?”

“உப்பைப் பாத்துதான் சார்.”

எக்ஸ்டர்னல் சார் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். “மலைப் பிள்ளை சார், கொஞ்சம் பிடிவாதம்” என்றார் பெரிய டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அஞ்சலை கலையவில்லை. “சூடு பண்றப்ப மஞ்சளாச்சு சார். ஆறிகினே வந்தப்ப வெள்ளையாச்சு. மறுபடி காட்னேன், மறுபடி மஞ்சளு. டீச்சர் போர்டுல மஞ்ச சாக்பீஸ்ல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு வரைஞ்சாங்களே, அதேதான் சார்” என்றாள்.

பெரிய டீச்சரின் கை கண்ணாடியோடு நின்றுவிட்டது.

எக்ஸ்டர்னல் சார் பையிலிருந்து விடைச்சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். இதில் சுண்ணாம்பு என்று போட்டிருக்கிறது, சீட்டு தப்பாகுமா என்று கேட்டார். அவர் கேட்டது யாரையும் இல்லை. பேனா மூடியைக் கழற்றினார். அந்தப் பேனா கீழே இறங்கினால் அவள் மலைக்கு ஏற வேண்டியதுதான். எனக்கு அது தெரிந்தது. இரண்டு வெள்ளைப் பொடியும் இரண்டு பாட்டிலும் கண் முன்னால் வந்து நின்றன.

“சார்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். எக்ஸ்டர்னல் சாரின் செருப்பு பிரவுன் கலர், வார் ஒரு பக்கம் தைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“பாட்டில் மாறியிருக்கும் சார். விழாவுக்குப் பாட்டில் மாத்தறப்ப ரெண்டு வெள்ளைப் பொடி எதுன்னு தெரியல. நாந்தான் குத்துமதிப்பா கொட்டி வெச்சேன். யாருகிட்டயும் கேக்கல.”

வேலை போகும் என்று நினைத்தேன். பெருக்குகிற வேலையும் சேர்ந்து போகுமா, லேப் வேலை மட்டும் போகுமா என்று ஒரு யோசனை.

எக்ஸ்டர்னல் சார், சரி, சூடாக்கிப் பார்த்துவிடலாம் என்றார். சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் ஸ்பிரிட் விளக்கைப் பார்த்தார். கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இருவருக்கும் தீக்குச்சி கிழித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ தெரியவில்லை. அஞ்சலை கையை நீட்டப் போனாள். பெரிய டீச்சர் “நீ இரு” என்று அவரே தீப்பெட்டியை எடுத்தார். இரண்டு குச்சி ஒடிந்தது. மூன்றாவது பற்றியது. பதினேழாம் நம்பர் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததைக் குழாயில் போட்டு விளக்கில் காட்டினார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடியில் லேசாக எலுமிச்சை நிறம் வந்தது. அது மேலே ஏறி நல்ல மஞ்சளானது. விளக்கிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டார். நாலு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மஞ்சள் வெளுத்து, வெளுத்து, வெள்ளையாகிவிட்டது.

“காலேஜ்ல பாத்தது” என்றார் பெரிய டீச்சர். எங்களிடம் சொன்னது போல இல்லை. குழாயை மறுபடியும் விளக்கில் காட்டினார். அது பரீட்சைக்குத் தேவையில்லை.

எக்ஸ்டர்னல் சார் விடைச்சீட்டில் பதினேழுக்கு எதிரே சுண்ணாம்பை அடித்துவிட்டுத் துத்தநாகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் எனக்கு ஒன்பதாம் நம்பர் நினைவுக்கு வந்தது. பதினேழு துத்தநாகம் என்றால், துத்தநாகம் என்று சீட்டு ஒட்டிய ஒன்பது சுண்ணாம்பாகத்தானே இருக்கும்? ஒன்பது வந்த பிள்ளை என் வாளியைப் பார்த்துத் துத்தநாகம் என்று எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பெரிய டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். பெரிய டீச்சர் அவரைப் பார்த்தார். “ஒம்போது சரியாத்தான இருக்குது” என்று எக்ஸ்டர்னல் சார் பேனாவை மூடினார். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் இரண்டு துத்தநாகம். சுண்ணாம்பே இல்லை.

அஞ்சலைக்கு உப்புக்கு முழு மார்க் விழுந்தது. ரெக்கார்டு நோட்டுக்கு மட்டும் இரண்டு மார்க் குறைத்தார். நோட்டில் கரி பட்டு அழுக்காக இருக்கிறதாம். விளக்கேற்றி வேலை செய்த ஒரே பிள்ளையின் நோட்டு, கரி படாமல் எப்படி இருக்கும்? ஆனாலும் பாஸ். வெளியே வந்ததும் என்னிடம் ஓடி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்துத் தரையைப் பார்த்தேன்.

“ஆயாம்மா, இன்னா நீ செவுத்தத் தொட்டுகினே நின்ன? தலை சுத்திச்சா?” என்றாள்.

ஆமாம் கண்ணு என்றேன்.

அவள் வைகாசியில் மலைக்குப் போகவில்லை. மேலே படித்தாள். இன்றைக்கு ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பார்க்கிறாள். எனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

பெரிய டீச்சர் என்னைத் திட்டவில்லை. வாயால் கொடுத்த வேலைக்கு எழுத்தில் விளக்கம் கேட்க முடியாது என்பதாலும் இருக்கலாம். மறுநாள் இடுப்பிலிருந்து லேப் சாவியை எடுத்துக் கதவோரம் இருந்த ஆணியில் மாட்டினார். “செவுரு, வாளியெல்லாம் இனிமே வேணாம்மா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வருஷம் பிள்ளைகள் லேப்புக்குள் வந்தார்கள். கூடை கூடையாகக் குழாய் உடைந்தது. மூன்று தாவணியில் ஓட்டை விழுந்தது. ஒருத்தி கட்டை விரலைச் சுட்டுக்கொண்டாள், அவளுக்கும் பின்னால் கல்யாணம் நடந்தது. பிராக்டிகலில் நாலு பேர் தவறினார்கள். கேடயம் வேறு பள்ளிக்குப் போயிற்று. பெண் கல்வியில் அக்கறையுள்ள மேலிடத்திலிருந்து உடனே தாக்கீது வந்தது. தேர்ச்சி குறைந்ததற்குத் தலைமையாசிரியை ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்.

பெரிய டீச்சர் அன்றைக்கே பதில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். தமிழில் இருந்ததால் படித்துவிட்டேன். தப்புதான். மேலே கடித எண், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி இருந்தன. விளக்கம் ஒரே வரி.

‘இவ்வாண்டு மாணவிகள் சோதனைகளைத் தாங்களே செய்தார்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

பசை தடவி ஒட்டினேன். தபால் பெட்டிக்குள் அது விழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தேன்.